வேண்டாமென்ற வீடு

திருகோணமலை
6 பெப்ரவரி 1955

மச்சி ஸாலிஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் தங்கை ஜெஸீமாவுக்குப் போட்ட கடிதத்துக்குள் இதை மடித்து வைத்திருக்கிறேன். அவள் கையில் தந்ததும் குசினி அடுப்படிப் பக்கம் போய்த் தனியாக வாசியும். நிச்சயம் செய்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கடிதம் எழுதுவது மூதூரில் இல்லாத வழக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தச் செய்தியை நீர் அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் எங்கள் வாலிபர் சீர்திருத்தச் சங்கம் கூடியது. செயலாளன் என்ற முறையில் நான்தான் முதலில் எழுந்தேன். என் கலியாணத்துக்குச் சீதனமாக வீடோ வளவோ ஒரு பிடி மண்ணோ வாங்க மாட்டேன் என்று அல்லாஹ்வை முன்னிறுத்திச் சத்தியம் செய்தேன். கூட்டம் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னது. தலைவர் ஸெய்னுதீன் ஆலிம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் தஞ்சாவூர்ப் பக்கம் ஓதப் போனவர். அங்கே மாப்பிள்ளை வீட்டாருக்குக் கைக்கூலி கொடுக்க வழியில்லாமல் குமர்ப்பிள்ளைகள் கிணற்றில் விழுந்து சாவதைக் கண்டு, அதை ஒழிக்கப் புறப்பட்ட ஒரு சங்கத்தோடு ஊர் ஊராக நடந்தவர். அந்தச் சங்கத்தின் பழைய பிரசுரத்தைத்தான் நாங்கள் இங்கே மறுபடி அச்சடித்திருக்கிறோம். நம் பக்கத்தில் கைக்கூலிக் காசு அவ்வளவாக இல்லை. ஆகையால் அந்தச் சொல் வந்த இடமெல்லாம் 'சீதன வீடு' என்று நான் மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே உங்கள் வளவில் அபூதாஹிர் மாமா கட்டிக்கொண்டிருக்கிற வீட்டை நிறுத்தச் சொல்லும். உம்முடைய வாப்பா இந்த வயதில் எனக்காக வெயிலில் நிற்க வேண்டாம். உமக்கு இது பெருமையாக இருக்கும் என்று நம்புகிறேன். உடனே பதில் எழுதும்.

ஸுஹைர்


மூதூர்
11 பெப்ரவரி 1955

மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம். என்ன இது, நீர், உமக்கு எண்டெல்லாம்? அரசாங்கக் கச்சேரியிலருந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கு. சின்ன வயசுல என்ட மாங்காயைப் பறிச்சிட்டு "போடி கறுப்பி" எண்டு சொன்ன வாய்தானே அது. நீ எண்டே எழுதுங்க.

பெருமையா எண்டு கேட்டிருந்தீங்க. பெருமை கிடக்கட்டும், இங்க வீடு ரெண்டுபட்டுப் போச்சு. மாமி, அதான் உங்கட உம்மா, வந்து விசயத்தைச் சொன்ன உடன என்ட உம்மா என்ன கேட்டா தெரியுமா? "வாற வீட்டை ஒரு ஆம்பிளை வேணாம் எண்டா அவனுக்கு வேற எங்கயோ வீடு இருக்கு." டவுன்ல நேர்ஸ் ஒருத்தியை வெச்சிருக்கீங்க எண்டு உம்மாட முடிவு. உம்மாட தங்கச்சி பரீதா சாச்சிக்கு நீங்க சயரோகக்காரன். பக்கீர் மேசன் புது வீட்டுச் சுவர்லருந்து இறங்கி வந்து, "மாப்பிள்ளைக்குப் பொண்ணுல விருப்பமில்ல போல, நேரா சொல்ல வெக்கப்பட்டு வீட்டைச் சாட்டுறார்" எண்டிட்டுப் போய்க் கையைக் கழுவினார். மூணுல எது மெய்? நாலாவது ஒண்டு இருந்தா அதையும் எழுதுங்க. சிரிப்பும் வருது, சிரிக்க ஏலாமலும் இருக்கு.

கூடப் பிறந்த என்ட அஸீம் காக்கா மட்டும் உங்கட பக்கம். "மச்சான் சிங்கம், இப்பிடி ஒரு ஆம்பிளை இந்த ஊர்ல பிறக்கல்ல" எண்டு தெருத் தெருவாச் சொல்லித் திரியிறார். அவருக்கு என்ட கலியாணத்தில இவ்வளவு அக்கறை வந்ததை நான் இதுக்கு முந்திக் கண்டதில்ல. ஏனெண்டும் விளங்கல்ல.

ஒரு கேள்விக்கு மட்டும் சுத்தி வளைக்காமப் பதில் எழுதுங்க. கலியாணம் முடிஞ்சு நான் எங்க இருக்கிற?

ஸாலிஹா


திருகோணமலை
19 பெப்ரவரி 1955

ஸாலிஹா,

நேர்ஸும் இல்லை, சயரோகமும் இல்லை. விருப்பமில்லாமலும் இல்லை, அதை விரித்து எழுதச் சொல்லாதே, கை கூசுகிறது. உன் உம்மாவுக்குச் சந்தேகமென்றால் குர்ஆனில் கை வைத்துச் சொல்லத் தயார்.

ஆனால் நானும் சிலதைக் கேட்க வேண்டும். உன் கடிதத்தின் உறை ஒருதரம் திறக்கப்பட்டு, சோற்றுப் பருக்கை வைத்துத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. யார் வாசித்தது? செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்கிற நேவி யார்ட் வாசலில் சாரனும் தொப்பியுமாக ஒருவர் நின்று, ஸுஹைர் கிளாக்கர் எங்கே சாப்பிடுகிறார், யாரோடு தங்குகிறார் என்று காவல்காரனிடம் விசாரித்திருக்கிறார். மூதூர் லாஞ்சிப் படகில் வந்த ஆள் என்று அறிந்தேன். என்னை வேவு பார்க்க ஆள் அனுப்பியது உன் வாப்பாவா?

நீ கேட்டதற்குப் பதில்: டவுனில்தான் இருப்போம். பெருந்தெருவில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறேன். ஓர் அறை, ஒரு குசினி, பொதுக் கிணறு. எளிமையாக வாழ்வோம்.

இன்னொன்று. கிண்ணியாவிலிருந்து யாரோ வந்து உங்கள் புது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதாக ஜெஸீமா எழுதியிருந்தாள். அந்த வீட்டுக்கு வேறு மாப்பிள்ளை பேசுகிறார்களா? இருந்தால் மறைக்காதே. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஸுஹைர்


மூதூர்
27 பெப்ரவரி 1955

மச்சான்,

கிண்ணியாவிலருந்து வந்தவர் மாடு வாங்க வந்தவர். புது வீட்டுக்குப் பின்னால கட்டிக் கிடந்த எங்கட வெள்ளைப் பசுவைத்தான் சுத்திச் சுத்திப் பாத்தார். என்னை ஏறெடுத்தும் பார்க்கல்ல, போதுமா?

யார்ட்டுக்கு வந்தது உம்மாட தம்பி. அனுப்பினது உம்மா. நீங்க இரவைக்கு ஒரு பணிசும் பிளேன்டீயும் குடிச்சிட்டுப் படுக்கிறீங்க எண்டு அவர் வந்து சொன்னார். உம்மா அண்டைக்கு முழுக்க அழுதா. அழுது முடிச்சு மறுகா, "இப்பிடி வயித்தைக் கட்டி ஆருக்குச் சேக்கிறான்?" எண்டு கேட்டா. அவக்குச் சந்தேகம் விட்ட பாடில்ல. உறையைத் திறந்தது ஆரெண்டு உங்கட தங்கச்சிட்டயே கேளுங்க. மாமிட வீடு அவளுக்குச் சீதனமா எழுதினதுதானே. நீங்க சீதனம் ஹராம் எண்டு கிளம்பினதிலருந்து அவளுக்கு நெஞ்சு பக்குப் பக்கெண்டு அடிக்கும், பாவம்.

இப்ப வீட்டுக் கதைக்கு வாறன். மச்சான், அந்த வீடு உங்களுக்கெண்டு ஆர் சொன்னது? தஞ்சாவூர்ல காசு மாப்பிள்ளைட கைக்குப் போகுது. அவர் வேணாம் எண்டா அது அவர்ட பெருந்தன்மை. இங்க வீட்டு உறுதிப் பத்திரம் பொண்ணுட பேருக்கு. நீங்க அதில வந்து இருக்கப் போற ஆள், அவ்வளவுதான். என்ட சாமானை நீங்க எப்பிடி வேணாம் எண்டு சொல்லுவீங்க? பிரசுரத்தில சொல்லை மாத்தக்குள்ள இதை ஒருக்கா யோசிச்சிருக்கக் கூடாதா?

உங்கட வாப்பா ஹயாத்தோட இருக்கக்குள்ள ஒருநாள் மீன் கறியில உப்புக் கூடிப் போச்செண்டு மாமிக்குக் கையை ஓங்கினாராம். மாமி கத்தவும் இல்ல, அழவும் இல்ல. "இது என்ட வீடு, வெளிய போங்க" எண்டாங்களாம். மனிசன் போய்ப் பள்ளிவாசல் விறாந்தையில படுத்திட்டு, விடியக் காலம ஒரு பாரை மீனோட வந்து படலையடியில நிண்டாராம். மாமி இதைச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றவங்க. பெருந்தெரு வாடகைக் குசினியில நிண்டுகொண்டு நான் அந்தக் கதையை ஆருக்குச் சொல்ற? வீட்டுக்காரனுக்கா?

கிணத்தில விழுந்த புள்ளைகளை நினைச்சா எனக்கும் வயிறு எரியுது. அதுகளுக்குத் தன்ட எண்டு சொல்லிப் போய் இருக்க ஒரு வீடு இருந்திருந்தா கிணத்தடிக்குப் போயிருக்குமா? உங்கட ஆலிமிட்ட இதைக் கேட்டுச் சொல்லுங்க.

ஸாலிஹா


திருகோணமலை
8 மார்ச் 1955

ஸாலிஹா,

என் உம்மா வாப்பாவின் கதையை நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. நான் உனக்குக் கை ஓங்குவேன் என்றா நினைக்கிறாய்?

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. இந்தக் கடிதம் உன் வாயிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட பெண் உறுதி, சட்டம் என்றெல்லாம் இப்படி அடுக்க மாட்டாள். ஸல்ஹா டீச்சர் உங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து போகிறா என்று கேள்வி. அவ சொல்லச் சொல்ல நீ எழுதுகிறாயா? இல்லை, மாமாவா?

ஒரு நல்ல செய்தி. போன வெள்ளி அஸீம் லாஞ்சியில் வந்து சங்கத்தில் சேர்ந்தான். அவனும் சத்தியம் செய்தான். சீதன வீட்டுக்குப் போய் இருக்க மாட்டானாம், கட்டுகிற பெண்ணைத் தன் வீட்டுக்குக் கூட்டி வருவானாம். கை தட்டல் அடங்கவே இல்லை. உன் சொந்தக் காக்காவுக்கு விளங்கியது உனக்கு விளங்கவில்லையே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஸுஹைர்


மூதூர்
15 மார்ச் 1955

மச்சான்,

காக்கா தன்ட வீட்டுக்குக் கூட்டி வருவாராம். எந்த வீடு மச்சான்? அவருக்கு எங்க வீடு? நீங்க கை தட்டக்குள்ள ஒருத்தருக்கும் இதைக் கேக்கத் தோணல்லயா?

நான் சொல்றன். ஞாயித்துக்கிழமை வாப்பா எங்களைக் கூப்பிட்டு, "மருமகன் வேணாம் எண்டிட்டான், மகன் சீதனத்துக்குப் போக மாட்டானாம், அப்ப புது வீட்டை அஸீமுக்கே எழுதுவம்" எண்டார். காக்கா நிலத்தைப் பாத்துக்கொண்டு பக்குவமா நிண்டார். அடுத்த நாள் விடிய ஆசாரி மாட்டு வண்டியில கதவும் சன்னலும் கொண்டு வந்து இறக்குறான். பலாமரக் கதவு, பூ வேலையெல்லாம் செஞ்சு. இது பத்து நாளில செய்ற வேலையா? சத்தியம் செய்ய முந்தியே காக்கா கதவுக்குச் சொல்லிட்டார்.

நீங்களும் அவரும் டவுன்ல தேத்தண்ணிக் கடையில இருந்து கதைச்சதை உம்மாட தம்பி கண்டவர். கதைச்சது இதுதானா? மெய்யச் சொல்லுங்க. உங்கட சத்தியத்தால நீங்க பெரிய ஆளாகிட்டீங்க, காக்கா பெரிய ஆளாகிட்டார், வாப்பாவுக்கும் பாரம் குறைஞ்சிது. வீடு ஒரு ஆம்பிளைக்குப் போச்சு. நல்ல சீர்திருத்தம்.

ஸல்ஹா டீச்சர் வாறது முட்டை வாங்க. என்ட வாயில வாறதெல்லாம் அடுத்தவங்க சொல்லித் தந்ததெண்டா, என்னத்தைக் கண்டு என்னைக் கேட்டீங்க?

ஸாலிஹா


திருகோணமலை
22 மார்ச் 1955

ஸாலிஹா,

கதவுக் கதை எனக்குத் தெரியாது, அல்லாஹ் சாட்சி. கடையில் அஸீம் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: "மச்சான், நீங்க செஞ்ச சத்தியத்தை மாத்த மாட்டீங்கதானே?" அதையே திரும்பவும் கேட்டான். மரியாதையால் கேட்கிறான் என்று நினைத்தேன். அந்தக் கேள்வியின் உள்நோக்கம் இப்போதுதான் பிடிபடுகிறது.

ஆனால் நான் என்ன செய்ய? செயலாளனே சத்தியத்தை முறித்தால் சங்கத்தில் யார் மிஞ்சுவார்கள்? ஆலிமின் முகத்தில் எப்படி விழிப்பேன்? பொறுத்துக்கொள். நோன்புப் பெருநாள் கழிந்து ஜூன் மூன்றாம் திகதி நிக்காஹ் முடித்துக் காவின் எழுதுவதென்று பெரியவர்கள் நாள் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும்.

ஸுஹைர்


மூதூர்
2 ஏப்ரல் 1955

மச்சான்,

உங்கட பிரசுரத்தை ஜெஸீமாட்ட வாங்கி முழுக்க வாசிச்சன். மார்க்கத்தில் இல்லாததை ஒழிப்போம், உள்ளதை நிலைநாட்டுவோம் எண்டு முன்பக்கத்திலயே போட்டிருக்கு. ஒழிக்கிறதைச் செஞ்சிட்டீங்க. மத்தது என்னாச்சு? மாப்பிள்ளை பொண்ணுக்கு மஹர் குடுக்கணும் எண்டு மார்க்கத்தில இருக்கா இல்லையா? நம்மட ஊர்ல என்ன நடக்குது? நூத்தியொரு ரூபா எண்டு காவின்ல எழுதுறது, மறுகா பொண்ணு மன்னிச்சிட்டா எண்டு ஆம்பிளைகளே சொல்லிக்கொள்றது. எந்தப் பொண்ணு கண்டா அந்தக் காசை?

நிலாவெளியில உங்கட வாப்பா உங்களுக்கு விட்டுட்டுப் போன தென்னங்காணி எனக்கு மஹரா வேணும். காவினுக்கு முந்தி நொத்தாரிசிட்டப் போய் என்ட பேருக்கு உறுதி முடிச்சுத் தாங்க. அது சீதனமில்ல, உங்கட சத்தியத்துக்கு ஒரு பங்கமும் வராது. மறுகா நீங்க பெருந்தெருவுக்குக் கூப்பிட்டாலும் வாறன், பணிசும் பிளேன்டீயும் தந்தாலும் குடிக்கிறன். என்ட எண்டு சொல்ல ஒரு துண்டு மண் இருந்தாக் காணும்.

இதையும் ஆர் சொல்லித் தந்ததெண்டு கேக்காதீங்க. கேட்டா எனக்கு விசர் வரும்.

ஸாலிஹா


திருகோணமலை
16 ஏப்ரல் 1955

ஸாலிஹா,

பெயர் சொல்லாமல் ஆலிமிடம் கேட்டேன். "அந்தப் பெண் கேட்பது அவளுடைய ஹக்கு, அவளுடைய உரிமை, கொடுக்கச் சொல்லு" என்றார். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் பக்கத்தில் நின்றவர்களுக்கு யாரென்று பிடிபட்டுவிட்டது. சங்கத்துப் பொருளாளர் எல்லோர் முன்னும் சிரித்தார்: "நம் செயலாளர் சீதனம் வாங்க மாட்டார், கொடுப்பார்." இன்னொருவர் சொன்னது அதைவிட மோசம். வீட்டை மகனுக்கு எழுதிவிட்டு, காணியை மருமகனிடம் பறிக்கப் பார்க்கிறார் அபூதாஹிர் என்று. எனக்கும் இரண்டு நாளாக அதே யோசனைதான். உன்னை முன்னுக்கு விட்டு மாமா பின்னால் நிற்கிறாரா?

நான் ஒரு வழி கண்டிருக்கிறேன். காவினில் மஹர் நிலாவெளிக் காணி என்று எழுதுவோம். உறுதி முடிக்க வேண்டாம். கலியாணம் முடிந்த பின் நீ மன்னித்துவிட்டதாகச் சொல்லிவிடு. உன் மனமும் ஆறும், என் மானமும் நிற்கும்.

பதில் வராவிட்டால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

ஸுஹைர்


மூதூர்
5 ஜூன் 1955

மச்சான்,

வேணுமெண்டுதான் பதில் எழுதல்ல. எழுதினா அதுக்கும் ஒரு ஆளைத் தேடுவீங்க. அதால காவினண்டைக்கு நேர வாயாலயே சொல்லிட்டன்.

நீங்க முன் மண்டபத்தில மாலையோட இருந்தீங்க. உள்ளுக்கு நடந்தது உங்களுக்குச் சத்தமாத்தான் கேட்டிருக்கும். ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பாங்க, நடந்ததை நான் எழுதுறன். வாப்பா ரெண்டு சாட்சிகளோட திரைக்கு வெளிய வந்து சம்மதம் கேட்டார். குமர்ப்பொண்ணு பேசாம இருந்தா சம்மதம், அதுதானே முறை. பரீதா சாச்சி என்ட தொடையைக் கிள்ளிக்கொண்டு, "வாயைத் திறந்திடாத, மானம் போயிடும்" எண்டு காதுக்குள்ள ஓதிக்கொண்டே இருந்தா. வாப்பா கேட்டார்: "நூத்தியொரு ரூபா மஹருக்கு ஸுஹைருக்கு உன்னைக் காவின் எழுதச் சம்மதமா?"

நூத்தியொரு ரூபா. காணி எண்டு எழுதுவம் எண்டீங்களே மச்சான், பொய்க்கு எழுதுற எழுத்தில கூட அது இல்ல.

வாப்பா கொஞ்சம் பாத்திட்டு, "புள்ளைக்குச் சம்மதம்" எண்டு திரும்பினார். நான் "ஏலாது" எண்டன். அவருக்குக் கேக்கல்ல. "ஏலாது வாப்பா. நிலாவெளிக் காணிக்கு உறுதி முடிச்சாச் சம்மதம், இல்லாட்டி இல்ல" எண்டு திரும்பவும் சொன்னன், மண்டபம் வரைக்கும் கேக்கச் சொன்னன். ஒரு சாட்சி தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். சாச்சி மயங்கி விழுந்தா, இல்லாட்டி விழுந்த மாதிரி நடிச்சா. காக்கா என்னை அடிக்க வந்தார். நான் அந்த இடத்தை விட்டு அசையல்ல.

ஏன் தெரியுமா? நீங்க வருவீங்க எண்டு நிண்டன். திரைக்கு வெளிய நிண்டு "என்ன ஸாலிஹா?" எண்டு ஒரு வார்த்தை கேப்பீங்க எண்டு நினைச்சன். யா அல்லாஹ், அப்பிடிக் கேட்டிருந்தா நான் காணியையும் விட்டிருப்பனோ என்னமோ. எனக்கு அறிவு தெரிஞ்ச நாளிலருந்து உங்களைத்தான் ஆசைப்பட்டன். வெக்கத்தை விட்டு எழுதுறன். லாஞ்சி ஊதின சத்தம் கேட்டப்பதான் நீங்க போயிட்டீங்க எண்டு தெரிஞ்சிது.

அண்டைக்குப் பின்னேரம் உம்மா பாயையும் ரெண்டு சட்டியையும் தூக்கிக்கொண்டு போய்ப் புது வீட்டில குந்திட்டா. வீட்டுக்குக் கீழ கிடக்கிற மண் உம்மாட சீதனக் காணி. அவ கைநாட்டு வெக்காம வாப்பா ஒருத்தருக்கும் எழுத ஏலாது. "என்ட காணி என்ட மகளுக்கு. அஸீம், உன்ட கதவைக் கழட்டிக்கொண்டு போறதெண்டாப் போ" எண்டா. காக்கா கதவை விட்டுட்டுப் போனார். உம்மாவுக்கு உங்களில சந்தேகம் இன்னும் தீரல்ல, நேர்ஸ் இல்லாட்டியும் என்னமோ இருக்கெண்டுதான் சொல்றா.

இனி வீடு எனக்குத்தான். உங்கட சத்தியத்தோட நீங்க இதுக்குள்ள வர ஏலாது. காணியை எழுதிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போங்க, இல்லாட்டி சத்தியத்தை விட்டுட்டு இங்க வந்து இருங்க. ரெண்டுக்கும் எனக்குச் சம்மதம். எதெண்டு எழுதுங்க.

ஸாலிஹா


திருகோணமலை
12 ஜூன் 1955

ஸாலிஹா,

உன் கடிதம் கிடைத்தது. யார்ட்டிலும் சங்கத்திலும் என்னால் தலை நிமிர முடியவில்லை. அது போகட்டும். காணி விஷயத்தைப் பேசலாம். சத்தியத்துக்குப் பரிகாரம் உண்டா என்று ஆலிமிடம் கேட்கவும் நான் தயார். லாஞ்சியில் ஏறியது தவறுதான்.

ஆனால் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். இத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தையை நீயாகச் சொல்லியிருக்க மாட்டாய். ஜெஸீமாவைக் கேட்டேன், அழுகிறாள். ஸல்ஹா டீச்சரிடம் ஆள் அனுப்பினேன், ஏசி விரட்டிவிட்டா. உன் உம்மாவாக இருக்குமோ என்றும் நினைக்கிறேன். யாரென்று மட்டும் சொல். அது தெரிந்தால் மற்றதெல்லாம் முடித்துவிடலாம்.

ஸுஹைர்


மூதூர்
20 ஜூன் 1955

மச்சான்,

ஒருத்தரும் சொல்லித் தரல்ல. நீங்க நம்பப் போறதில்ல, எண்டாலும் எழுதி வெக்கிறன்.

உம்மா கைநாட்டு வெச்சு வீட்டு உறுதி என்ட பேருக்கு முடிஞ்சிது. பக்கீர் மேசன் கூரைக்கு ஓடு ஏத்திட்டார். நானும் உம்மாவும் குடி வந்திட்டம். இனி ஜெஸீமாட கடிதத்துக்குள்ள மடிச்சு வெக்கத் தேவையில்ல, எழுதுறதெண்டா என்ட பேருக்கே எழுதலாம். காக்காட பலாக் கதவு நல்ல பாரம், உள்ளுக்குத் தாழ்ப்பாளும் போட்டாச்சு.

வந்தாத் தட்டுங்க. திறக்கிறதா இல்லையா எண்டு அப்ப யோசிக்கிறன்.

ஸாலிஹா